14 நாள் முன்னறிவித்தல்: ஷார்ஜாவில் இருந்து பாதியில் திரும்பிய கொழும்பு ஆங்கில ஆசிரியை – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் 23ஆம் திகதி, வசந்தகால விடுமுறைக்குப் பாடசாலை மூடிய கையோடு, ஷார்ஜாவில் ஆங்கிலம் கற்பித்துவந்த கொழும்பு ஆசிரியை ஒருவர் கட்டுநாயக்காவில் வந்து இறங்கினார். போகவர டிக்கெட் எடுத்திருந்தார். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த மறுநாள், ஏப்ரல் 14ஆம் திகதி, திரும்பிப் போகவேண்டும். வீட்டில் அவருக்கென்று பலகாரம் செய்து டப்பாக்களில் போட்டு ஒட்டியும் வைத்துவிட்டார்கள். வருடப்பிறப்பன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தான் போகப்போவதில்லை என்று சொன்னார். இரண்டு வருட ஒப்பந்தத்தில் அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

கொழும்பில் ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி வகுப்புகள் எடுத்து வருகிறேன். இவர் என்னிடம் படித்தவர். அவருடைய சம்மதத்தோடு, அவர் காட்டிய கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரையும் பாடசாலையின் பெயரையும் ஏஜென்டின் பெயரையும் விட்டுவிட்டேன். மாலைதீவு, ஓமான், கட்டார், துபாய் என்று எங்கள் ஆசிரியர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இதே போலப் பாதியில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வந்ததும் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வதால் என்ன நடந்தது என்று அடுத்து போகிறவருக்குத் தெரிவதில்லை.

அவர் பாதியில் வந்ததை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. அந்த வேலையை விட்டது சரிதான் என்றே நினைக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. அவர் சட்டப்படி, மிகக் குறைந்த செலவில், கையில் ஒரு கடிதத்தோடு வெளியேற ஆறு மாதம் வழி திறந்திருந்தது. அந்த ஆறு மாதமும் இருந்துவிட்டு, வழி மூடிய அடுத்த வாரம் சொல்லாமல் கிளம்பி வந்தார். அவரை அங்கே அவ்வளவு நாள் பிடித்து வைத்தது பாடசாலை இல்லை, கொழும்பில் வாங்கிய கடன்.

போகுமுன்

அவருக்கு 29 வயது. ஆங்கிலத்தில் பட்டம். கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் 6, 7ஆம் வகுப்புகளுக்குக் கற்பித்து மாதம் 75,000 ரூபாய் எடுத்துக்கொண்டிருந்தார். மாலையில் வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியிலும் வகுப்பு. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே சம்பளத்தில் அரிசியும் பஸ் காசும் இரண்டு மடங்கானபோது இவருடைய வீட்டில் அப்பாவின் ஓய்வூதியம் மருந்துக்கே சரியாகப் போனது. தங்கை உயர்தரம் முடித்துவிட்டு ஒரு தனியார் பட்டப்படிப்புக்குக் காத்திருந்தார். அந்த வருடம் ஜூனில் அரச ஊழியர்களுக்குச் சம்பளமில்லா லீவில் ஐந்து வருடம்வரை வெளிநாடு போகலாம் என்று 14/2022 சுற்றறிக்கை வந்தது. அரச பாடசாலை ஆசிரியர்களுக்கு அதனால் திரும்பிவர ஓர் இடம் கிடைத்தது. இவரைப் போலத் தனியார் பாடசாலையில் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வேலையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

காலி வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் அலுவலகம் வைத்திருந்த ஏஜென்டை ஒரு சிநேகிதி மூலம் சந்தித்தார். அந்த ஆளிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சுவரில் ஏதோ ஒரு சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்ததாம். ஏஜென்ட் காட்டிய பிடிஎஃப் கடிதத்தில் மாதம் 4,000 திர்ஹம், தங்குமிடம் இலவசம், வாரத்தில் நான்கு நாள் வேலை என்று இருந்தது. விசிட் விசாவில் போங்கள், போனதும் பாடசாலை வேலை விசாவுக்கு மாற்றும், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்றார். ஏஜென்டுக்கு 3½ இலட்சம். டிக்கெட், விசா, சான்றிதழ்களுக்கு பத்தரமுல்லையில் கொன்சியுலர் பிரிவிலும் பிறகு தூதரகத்திலும் அத்தாட்சி, முதல் மாதச் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் 6 இலட்சம் ஆனது. இரண்டு இலட்சத்துக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது. மிச்சம் நான்கு இலட்சத்தை மாமா கொடுத்தார்.

விசிட் விசா என்பதால் அந்தப் பணியகத்தில், எங்கள் ஆட்கள் பியூரோ என்பார்கள், பதியவில்லை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வேலைக்குப் போகிறவர் கிளம்புமுன் அங்கே பதிய வேண்டும். பதிவு என்றால் பலருக்கு அது விமான நிலையத்தில் காட்டுகிற ஒரு துண்டு. உண்மையில் அந்தப் பதிவுக்காகத்தான் வேலை ஒப்பந்தம் கொழும்பிலேயே கையெழுத்தாகிக் கையில் இருக்க வேண்டியிருக்கிறது. பதிவைத் தாண்டிப் போகிறவர், ஒப்பந்தத்தைப் பார்க்காமலே போகிறார்.

ஷார்ஜாவில்

2023 ஒகஸ்ட் 28ஆம் திகதி பாடசாலை ஆண்டு தொடங்கியது. முதல் நாளே வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்தது விசிட் விசா. அனுமதி இல்லாமல் ஆளை வேலைக்கு வைப்பது அங்கே பெரிய குற்றம். 2024 ஒகஸ்டில் அதற்கான தண்டத்தை 1 இலட்சம் முதல் 10 இலட்சம் திர்ஹம் வரை என்று உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் பயந்து நடுங்கியது இவர்தான். யாராவது உள்ளே வந்து கேட்டால் விருந்தினர் என்று சொல்லும்படி அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது வாரம், செப்டம்பர் நடுப்பகுதியில், மனிதவளப் பிரிவுக்குக் கூப்பிட்டு அந்த நாட்டுத் தொழில் அமைச்சின் வேலைவாய்ப்புக் கடிதத்தைக் கணினித் திரையில் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். மொத்தச் சம்பளம் 3,000 திர்ஹம். அதில் அடிப்படைச் சம்பளம் 1,400 மட்டும். தகுதிகாண் காலம், அதாவது புதிதாக வந்தவரைப் பரீட்சித்துப் பார்க்கும் காலம், ஆறு மாதம். அதன்பின் வேலையை விடுவதற்குக் கொடுக்க வேண்டிய முன்னறிவித்தல் 60 நாள். கொழும்பில் சொன்ன 4,000 எங்கே என்று கேட்டதற்கு அந்தக் கடிதத்தைப் பாடசாலை அனுப்பவே இல்லை என்றார்கள். விசிட் விசா முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. கையெழுத்து வைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அந்த வேலைவாய்ப்புக் கடிதம் அரபும் ஆங்கிலமும் தவிர வேறு மொழிகளிலும் கிடைக்கிறது. தொழிலாளி தனக்குப் புரிகிற மொழியில் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதற்காக 2016 முதல் செய்திருக்கும் ஏற்பாடு அது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. இவர் கேட்கவில்லை. "இங்கிலீஷ் ரீச்சர் போய்த் தமிழில தாங்கோ எண்டு எப்படிக் கேக்கிறது, ஸேர்?" என்றார் என்னிடம். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் ஆங்கில இலக்கியம் படித்தவருக்கும் சட்ட ஆங்கிலம் வேறு மொழிதான். தகுதிகாண் காலத்தைப் பற்றிய இரண்டு வரியை அவர் அன்று தமிழில் வாசித்திருந்தால் இந்தக் கதை நவம்பரில் முடிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்கு நாள் வேலை என்று ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை. ஷார்ஜாவில் 2022 ஜனவரி முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் விடுமுறை. பாடசாலை திங்கள் முதல் வியாழன் வரை. நாளுக்கு எட்டுப் பாடவேளை என்றால் வாரத்துக்கு 32. அதில் 30 பாடவேளை இவருக்குப் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்த இரண்டும் லீவில் போன ஆசிரியர்களின் வகுப்பைப் பார்ப்பதற்குப் போய்விடும். வகுப்புக்கு முப்பதுக்கு மேல் பிள்ளைகள். காலையில் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றுவதும் மாலையில் இறக்குவதும் முறைவைத்துச் செய்ய வேண்டும். கட்டுரைக் கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளி, சனியில் திருத்தினார். அந்த வீடு என்பது இரண்டு அறையில் ஆறு ஆசிரியைகள் இருந்த ஃபிளாட். நெருக்கடியைக் கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. திருத்துவதற்கு ஒரு மேசை இல்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாடசாலை அலுமாரியைத் திறந்தபோது முந்தைய ஆசிரியையின் புள்ளிப் புத்தகம் உள்ளே இருந்தது. பெப்ரவரி மாதத்தோடு பதிவு நின்றிருந்தது. அவரும் பாதியில் போனவர் என்று பிறகு ஒரு கேரளத்து ஆசிரியை சொன்னார். எங்கள் ஆட்கள் வெளிநாட்டுப் பாடசாலை ஒன்றைப் பற்றி விசாரிக்கும்போது சம்பளத்தைக் கேட்பார்கள், தங்குமிடத்தைக் கேட்பார்கள். இந்த இடத்தில் எனக்கு முன் இருந்தவர் எப்போது, ஏன் போனார் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலில், அல்லது பதில் வராமல் போவதில், பாடசாலையைப் பற்றிப் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

சம்பளம் முதன்முதலாகக் கைக்கு வந்தது ஒக்டோபர் கடைசியில். அதிலும் விசாவுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் என்று மாதம் 500 திர்ஹம் வெட்டினார்கள். ஆளை எடுப்பதற்கான செலவை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்று அந்த நாட்டின் 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழிற்சட்டம் 6ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. சாப்பாடு, போன், மற்றச் செலவு போக மாதம் 1,500 திர்ஹம் கொழும்புக்கு அனுப்பினார். தொடக்கத்தில் அது 1 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாயளவு வந்தது. திர்ஹம் டொலரோடு 3.6725 என்று கட்டப்பட்டது, அது அசையாது. அசைந்தது எங்கள் ரூபாய். 2023 கடைசியில் 325 அளவில் இருந்த டொலர் 2024 மார்ச்சில் 300 அளவுக்கு இறங்கியபோது நாட்டுக்கு அது நல்ல செய்தி. அவருடைய வீட்டுக்கு மாதம் பத்தாயிரம் குறைந்தது. வந்த காசில் பாதிக்கு மேல் வீட்டுச் செலவுக்கும் தங்கையின் படிப்புக்கும் போக, மாமாவின் கடனும் அடகு வட்டியும் மெல்ல மெல்லத்தான் இறங்கின. மார்ச்சில் இன்னும் 3 இலட்சத்துக்கு மேல் நின்றது.

திறந்திருந்த வழி

அந்தத் தொழிற்சட்டம் 2022 பெப்ரவரி 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவு தகுதிகாண் காலத்தைப் பற்றியது. அது ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. அந்தக் காலத்துக்குள் தொழிலாளி வேலையை விட்டு நாட்டைவிட்டுப் போக விரும்பினால் 14 நாளுக்குக் குறையாமல் எழுத்தில் அறிவித்தால் போதும். அங்கேயே வேறு இடத்துக்கு மாறுவதென்றால் ஒரு மாதம் முன்னறிவிக்க வேண்டும், ஆளை எடுத்த செலவைப் புதிய முதலாளி பழையவருக்குக் கொடுக்க வேண்டும். தகுதிகாண் காலம் முடிந்த பிறகு ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவித்தல் பொருந்தும். அது 30 நாளுக்குக் குறையவோ 90 நாளுக்கு மேற்படவோ கூடாது. அறிவிக்காமல் போனால் அந்த நாட்களுக்கான சம்பளத்தை மறுபக்கத்துக்கு ஈடாகக் கட்ட வேண்டும். தக்க காரணம் இல்லாமல் வேலையை விட்டுப் போனவருக்கு ஒரு வருடம் புதிய வேலை அனுமதி கிடையாது.

இவருடைய கணக்கில் வைத்துப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் இருந்து மார்ச் நடுவரை எந்த நாளில் ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தாலும் 14 நாளில் விசாவை ரத்துச் செய்துகொண்டு, அதுவரை செய்த வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கைவிட்டுப் போவது ஒரு டிக்கெட் காசு. மார்ச் 8ஆம் திகதி எழுதியிருந்தால் கூட 14 நாள் சரியாக விடுமுறை தொடங்கும் நாளில் முடிந்திருக்கும், அவர் வந்த அதே விமானத்தில் வந்திருப்பார். மார்ச் 23ஆம் திகதி கிளம்பும்போது தகுதிகாண் காலம் முடிந்து சில நாள்தான். அந்தச் சில நாளில் அவருடைய பொறுப்பு 60 நாள் சம்பளமாக, 6,000 திர்ஹமாக மாறிவிட்டது. ரூபாயில் ஏறத்தாழ 5 இலட்சம்.

ஏன் நவம்பரில் எழுதவில்லை? முதலில், அப்படி ஒரு வழி இருப்பது தெரியாது. ஆசிரியர் அறையில் எல்லோரும் பேசிக்கொண்டது வேறு கதை: இரண்டு வருடத்துக்குள் விட்டால் ஒன்றரை மாதச் சம்பளம் கட்ட வேண்டும், வாழ்நாள் தடை விழும், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். இதில் ஒன்றரை மாதச் சம்பளம் என்பது 1980ஆம் ஆண்டின் பழைய தொழிற்சட்டத்தில் இருந்த ஏற்பாடு. மூன்று மாதச் சம்பளத்தின் பாதி வரை ஈடு கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தச் சட்டம் போய்விட்டது, அந்தப் பேச்சு போகவில்லை. பயம் காட்ட வசதியானது என்பதால் நிர்வாகமும் அதைத் திருத்துவதில்லை.

ஆனால் தெரியாமையை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நவம்பரில் அவர் அம்மாவிடம் அழுதிருக்கிறார். "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ மகள், மாமாட காசு முடியட்டும்" என்றார் அம்மா. அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நகை அடகில், மாமி ஒவ்வொரு ஞாயிறும் வந்து பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போகிறார். அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வியும் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கடன் முடியும்வரை என்று பொறுத்தார். வெளியேறுவது மலிவாக இருந்த மாதங்களில் கடன் மிக அதிகமாக இருந்தது. கடன் பாதியாகக் குறைந்தபோது வெளியேறுவது விலை உயர்ந்துவிட்டது. கடன் வாங்கிப் போகிற எந்த ஆசிரியருக்கும் இந்த இரண்டு கோடும் இப்படித்தான் குறுக்கே வெட்டும். போகுமுன் இதை யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை என்பதே எனக்குப் பெரிய கவலை.

மார்ச் 11ஆம் திகதி நோன்பு தொடங்கியது. பாடசாலை நேரம் குறைந்தது, பாடத்திட்டம் குறையவில்லை. பெப்ரவரிச் சம்பளம் அப்போதும் வரவில்லை. அந்த நாட்டில் சம்பளம் 2009 முதல் அரசு கண்காணிக்கிற ஒரு வங்கி முறை வழியாகப் போகிறது. தாமதமானால் அமைச்சிடம் முறையிடலாம். முதலாளி கடமையை மீறினால் 45ஆம் பிரிவின்படி 14 வேலைநாள் முன்னதாக அமைச்சுக்கு அறிவித்துவிட்டு, அதற்குள்ளும் சரிசெய்யாவிட்டால் முன்னறிவித்தல் இல்லாமலே வேலையை விடலாம். வெட்டிய 500 திர்ஹமும் தாமதமான சம்பளமும் அவர் கையில் இருந்த நல்ல காரணங்கள். அவர் அவற்றைக் காரணங்களாகப் பார்க்கவில்லை, தன் தலைவிதியாகப் பார்த்தார். ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உதவி அதிபர் அவருடைய உச்சரிப்பைப் பற்றி ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று இரவே டிக்கெட் எடுத்துவிட்டார். நாள் எண்ணும் நிலையில் அவர் அப்போது இல்லை.

மற்ற நாடுகளில் மற்றவர்கள்

வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் பாதியில் போவது வளைகுடாவில் மட்டும் நடப்பதில்லை. தென் கொரியாவில் தனியார் பயிற்சி நிலையங்களில் வேலை செய்யும் வெள்ளைக்கார இளைஞர்கள் இரவு விமானத்தில் சொல்லாமல் கிளம்புவது அங்கே தனிப்பெயர் வைத்துப் பேசும் அளவுக்குப் பழகிப்போன விஷயம். அவர்கள் போகும் ஈ-2 என்ற ஆசிரியர் விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். எங்களுக்கு அந்தக் கதவே இல்லை. அங்கே ஒரு வருடம் முடித்தால், வேலையை விடும்போது ஒரு மாதச் சம்பளம் சேவைக்கால நிதியாகக் கிடைக்கும். இடையில் வேறு இடத்துக்கு மாற முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். அதனால் அங்கேயும் ஆசிரியர் மனம் உடைந்து போவதுண்டு, பதினோராவது மாதத்தில் நிதி கொடுக்காமல் இருக்க முதலாளி வெளியே அனுப்புவதும் உண்டு. சீனாவிலும் பழைய நிறுவனம் விடுவிப்புக் கடிதம் தராவிட்டால் புதிய வேலை அனுமதி எடுப்பது பெரும்பாடு.

சில சமயம் ஓடிப்போவது நிறுவனமே. ஜப்பானில் நோவா என்ற மிகப் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் 2007 ஒக்டோபரில் விழுந்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். அவர்கள் சம்பளத்தில் வெட்டிய வாடகை வீட்டுக்காரருக்குப் போய்ச் சேராததால் வீட்டையும் இழந்தவர்கள் இருந்தார்கள். 2021 ஜூலையில் சீனா பாடசாலைப் பாடங்களுக்கான இலாபநோக்கு டியூஷனைத் தடை செய்தபோதும் ஒப்பந்தம் கையில் இருக்க வேலை காணாமல் போனது.

இவற்றை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆட்கள் பாதியில் வந்தால் பொறுமை இல்லாதவர் என்ற பட்டம் இலகுவாக விழுகிறது. கனடாவில் இருந்து தென் கொரியத் தலைநகர் சோலுக்குப் போன ஒருவர் இரண்டாம் மாதத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போனால் அவருக்கு அது ஓர் அனுபவம். அவருக்கு டிக்கெட்டும் வீடும் பெரும்பாலும் முதலாளி கொடுத்தது. போக அவர் கடன் வாங்கவில்லை. வெள்ளவத்தையில் இருந்து போனவர் அதே இரண்டாம் மாதத்தில் வர முடியாததற்குக் காரணம் பொறுமை இல்லை.

அவர் வந்தபின்

ஏப்ரல் 15ஆம் திகதி பாடசாலை திறந்தது. அந்த வார இறுதிவரை அவர் போனை அணைத்து வைத்திருந்தார். ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து வராததால் வேலையைக் கைவிட்டதாகப் பாடசாலை அமைச்சில் அறிவித்தது. மார்ச் சம்பளம் நின்றது. ஒரு வருடம் நிறைவாகாததால் சேவைக்கால நிதியும் இல்லை. அனுபவச் சான்றிதழ் கேட்க முகமில்லை. அத்தாட்சி செய்த மூலப் பட்டச் சான்றிதழ் அனுமதி எடுப்பதற்கென்று வாங்கி வைத்த பாடசாலை அலுமாரியிலேயே இருந்தது. ஊழியரின் ஆவணங்களை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் வாங்கியிருக்கலாம், கொழும்பில் இருந்து கேட்பது வேறு.

இன்னொரு பக்கத்தையும் எழுதாமல் விடமுடியாது. அவர் கற்பித்த 8ஆம் வகுப்புக்கு அந்த வருடம் அவர் முதல் ஆசிரியர். முந்தைய வருடம் அதே பிள்ளைகளை இன்னொருவர் பாதியில் விட்டுப் போயிருந்தார். ஏப்ரலில் அந்தக் கேரளத்து ஆசிரியை தன் 28 பாடவேளைக்கு மேல் இந்த வகுப்பையும் எடுத்தார். பாதி திருத்திய கட்டுரைக் கொப்பிகள் ஃபிளாட்டில் கட்டிலுக்குக் கீழே இருந்தன. அவற்றைத் திருத்தி முடித்தவரும் அவர்தான். சொல்லிவிட்டுப் போயிருந்தால் இரண்டு வாரத்தில் புள்ளிகளையும், எந்தப் பிள்ளைக்கு எங்கே தடுமாற்றம் என்பதையும் கையளித்திருக்கலாம். எங்கள் ஆசிரியை இதை என்னிடம் தானாகவே சொன்னார், சொல்லும்போது அழுதார். வேலையைப் பற்றிப் பேசும்போது அவர் அழவில்லை.

மே மாதம் நாங்கள் இருவரும் சேர்ந்து பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதினோம். அறிவிக்காமல் போனதை ஒப்புக்கொண்டு, மார்ச் சம்பளத்தை முன்னறிவித்தல் கணக்கில் கழிக்கும்படியும், விசாவை ரத்துச் செய்யும்படியும், சான்றிதழை அனுப்பும்படியும் கேட்டோம். விசாச் செலவென்று வெட்டிய தொகையையும் பிரிவு இலக்கத்தோடு குறிப்பிட்டோம். முதல் பதிலில் 6,000 திர்ஹத்தோடு விசாச் செலவும் கேட்டார்கள். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு விசாச் செலவுப் பேச்சை விட்டார்கள். அந்த விசா ரத்தாக வேண்டியது அவர்களுக்கும் தேவையாக இருந்தது. ஜூன் கடைசியில் மார்ச் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது என்று எழுதித் தந்து, சான்றிதழைக் கூரியரில் அனுப்பினார்கள். கைவிட்ட அறிவிப்பை மீளப்பெறவில்லை. ஆங்கிலப் பிரிவுத் தலைவர் மட்டும் தன் பெயரில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதினார். அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏஜென்டுக்கு எதிராகப் பத்தரமுல்லையில் பியூரோவில் முறைப்பாடு கொடுத்தோம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்குக் காசு வாங்குவது குற்றம். அங்கே முதலில் கேட்டது காசு கொடுத்த பற்றுச்சீட்டு. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய தொகையும் கைபேசியில் இருந்த குறுஞ்செய்திகளும்தான் இருந்தன. விசிட் விசாவில் போனதால் பதிவும் இல்லை. முறைப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள், விசாரணை நடக்கிறது. காலி வீதி அலுவலகத்தில் இப்போது வேறு பெயர்ப்பலகை.

என் வகுப்பில் இருந்து இந்த வருடம் வெளிநாடு போகிறவர்களிடம் நான் மூன்று விஷயங்களை விடாமல் கேட்கிறேன். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து ஏஜென்டின் அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சரிபார்த்தீர்களா? அமைச்சின் கடிதத்தைத் தமிழில் வாசித்தீர்களா, தகுதிகாண் காலம் முடியும் திகதியை நாட்குறிப்பில் எழுதினீர்களா? திரும்பிவரும் டிக்கெட்டுக்கான காசு கடன் கணக்கில் சேராமல் தனியாக இருக்கிறதா? மூன்றாவதைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது, போகும்போதே வருகிற கதையா என்கிறார்கள். ஆம், போகும்போதுதான் அதைப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தக் காசு எங்கே இருக்கிறது என்று மறுபடியும் கேட்கிறேன்.

ஆசிரியை இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு டியூட்டரியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறார். மாலையில் இணையத்தில் இரண்டு வகுப்பு. மாமாவுக்கு இன்னும் ஒன்றரை இலட்சம் கொடுக்க வேண்டும். ஒரு வருடத் தடை முடிந்துவிட்டது. ஓமானில் ஒரு பாடசாலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். இந்தத் தடவை பணியகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தைக் கொழும்பிலேயே கையெழுத்திட்டுக்கொண்டு போவதென்றால் மட்டும்தான் போவேன் என்று பாடசாலைக்கே எழுதியிருக்கிறார். நேர்முகத் தேர்வில் ஷார்ஜாவைப் பற்றிக் கேட்டார்கள், நடந்ததை நடந்தபடி சொன்னாராம். பதிலுக்குக் காத்திருக்கிறார்.